நிற்காமல் வாங்கிய டோக்கன்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பள்ளிச் சான்றிதழிலும் சம்பளச் சீட்டிலும் அதுதான். ஆனால் தெரிந்தவர்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘அவசரம்’. வைத்தவர் தாய்மாமா. பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்க, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரின் பின்சீட்டிலேயே பிறந்துவிட்டாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாமா ஒரு நிமிஷம் திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்து, “அப்படி என்ன அவசரம்?” என்று கேட்டாராம். கேள்வி மறந்துபோய்க் கடைசிச் சொல் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பெயருக்கு அவள் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. தவழ்ந்தாள், அடுத்து ஓடினாள்; நடுவில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. எதிரே இருப்பவர் பேச வாய் திறந்தால், மிச்சத்தை அவளே சொல்லி முடிப்பாள். பாதிக்குப் பாதி தப்பாக இருக்கும். அடுப்பில் பாலை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், பொங்குவதற்குள் துணியை மடித்துவிடலாமே என்று கிளம்புவாள். துணி மடங்கியிருக்கும். பால் தரையில் இருக்கும்.

கல்யாணமும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். சொல்லிக்கொடுத்தவர் அசைந்து கொடுக்காத மனிதர். மாணவர்கள் சுவரில் மோதினாலும், “பரவால்ல, சுவரு எங்கயும் போகாது, ரிவர்ஸ் எடுங்க” என்பார். மூன்றாவது வகுப்பில், ரவுண்டானாவில் வண்டி சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்டாள்:

“நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?”

“முதல்ல வண்டிய ஓரமா நிறுத்துங்க” என்றார் அவர்.

நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறாளா என்று பார்த்தபிறகுதான் அவர் “சரி” என்றார். இன்றைக்கு அவர்களுக்கு ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். அப்பாவின் நிதானமும் அம்மாவின் வாயும்.

அவசரம் வேலை பார்ப்பது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், மென்பொருள் பிரிவில். அந்த வேலைக்கு அவளை யார் எடுத்தார்களோ, பொருத்தம் பார்த்து எடுத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் பெரிய கூடம். வரிசை வரிசையாக மேசைகள், காதில் ஹெட்போன் மாட்டிய ஆட்கள். நகரத்தில் யாருக்கு எது நடந்தாலும் போன் அங்கேதான் வரும். இரண்டாம் மாடியில் இவர்கள் பிரிவு. கம்ப்யூட்டர்களும், சுவரில் ஒரு பெரிய திரையும், யாரும் தண்ணீர் ஊற்றாமலே பிழைத்துக்கிடக்கும் ஒரு தொட்டிச் செடியும்.

கீழே ஒருவர் போனை எடுத்ததும் பின்னால் பல நிரல்கள் வேலை செய்யத் தொடங்கும். ஒன்று அழைத்தவர் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறிக்கும். ஒன்று, கிட்டத்தில் எந்த ஆம்புலன்ஸ் சும்மா நிற்கிறது என்று தேடும். ஒன்று, எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று விசாரிக்கும். இவை ஒன்றிடம் ஒன்று போய் நிற்கும்போதெல்லாம் “நீ யார், உன்னை எப்படி நம்புவது?” என்ற கேள்வி எழும். மனிதர்களுக்கு லாகின் இருப்பதுபோல் நிரல்களுக்கும் உண்டு. சர்வீஸ் அக்கவுன்ட் என்பார்கள். ஆள் இல்லாத கணக்கு. பிறந்தநாள் கிடையாது, விடுப்பு கிடையாது, பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று தலையைச் சொறியவும் தெரியாது.

பல வருஷங்களாக அத்தனை நிரல்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதை மாற்றினால் எது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாததால் யாரும் தொடவில்லை. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அது மனப்பாடம். தணிக்கைக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். இனிமேல் டோக்கன்தான் என்று உத்தரவு வந்தது. ஒவ்வொரு நிரலும் தனக்கு மட்டுமான ரகசியச் சாவியை அடையாளச் சர்வரிடம் காட்ட வேண்டும். சர்வர் ஒரு டோக்கன் கொடுக்கும். அதைக் காட்டித்தான் மற்ற இடங்களில் நுழைய வேண்டும். டோக்கனுக்கு ஆயுள் ஒரு மணி நேரம்தான். திருடு போனாலும் சீக்கிரமே செல்லாக்காசாகிவிடும்.

பிரிவின் தலைவர் அதைத் தானே எழுதி முடித்தார். அவருக்குப் பட்டப்பெயர் ‘பிரேக்’. எதையும் மூன்று முறை சரிபார்க்காமல் விடமாட்டார். அவர் எழுதியதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் மறுவாரமே கீழேயிருந்து புகார் வர ஆரம்பித்தது. திரை அவ்வப்போது நின்றுவிடுகிறதாம்.

“எவ்வளவு நேரம் நிக்குது?” என்று பிரேக் போனில் கேட்டார்.

“கொஞ்ச நேரம்தான் சார்.”

“கொஞ்ச நேரம்னா பரவால்லயே” என்றார் அவர்.

அவசரம் அதற்குள் படியிறங்கிக்கொண்டிருந்தாள்.

கீழே ‘தேன்குரல்’ என்று ஒரு அம்மாள் இருந்தார். மூத்தவர். எப்படிப்பட்ட பதற்றத்தில் இருப்பவரையும் பேசியே நிலைக்குக் கொண்டுவருவார். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உபரி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள் அவசரம். மூன்று அழைப்புகள் மளமளவென்று போயின. நான்காவது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து. மைதானத்தில் ஒரு ஆசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். தேன்குரல் முகவரியைத் தட்டினார். வரைபடம் வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது.

“வண்டி வந்துட்டிருக்கும்மா, அவரு மூச்சு விடுறாரான்னு பாத்துச் சொல்லுங்க” என்று தேன்குரல் பேசிக்கொண்டே இருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவசரம் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். ஒருவழியாக வரைபடம் வந்தது, வண்டி கிளம்பியது, ஆசிரியரும் பிழைத்துக்கொண்டார். சாவதானமாக எண்ணிப் பார்த்தால் வட்டம் சுற்றியது சில வினாடிகள்தான்.

“இது ஒரு நாளைக்கு எத்தன தடவ வருது?” என்று கேட்டாள்.

“வந்துட்டுதான் இருக்கு. அந்த நேரத்துல நான் எதையாவது பேசிச் சமாளிப்பேன். என்ன பண்றது சொல்லு, கண்ணு” என்றார் தேன்குரல்.

அவசரம் மேலே போய் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விஷயம் சீக்கிரமே பிடிபட்டது. கையிலிருக்கும் டோக்கன் காலாவதியானதும் நிரல் செய்துகொண்டிருந்த எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, அடையாளச் சர்வரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. புது டோக்கன் வரும்வரை அசைவதில்லை. அதற்குப் பின்னால் வருகிற வேலைகளும் ஒன்றின் முதுகில் ஒன்றாக நிற்கின்றன. உயிரைக் காக்க ஓட வேண்டிய நிரல் வரிசையில் நின்று கொட்டாவி விடுகிறது என்பதை நினைக்க நினைக்க அவளுக்குக் காதுமடல் சூடாயிற்று.

மறுநாள் காலை பிரேக்கின் அறைக்குள் கதவைத் தட்டிக்கொண்டே நுழைந்தாள்.

“சார், டோக்கன் வாங்குறத அசிங்க்கா பண்ணிரலாம்.”

பிரேக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். “எதும்மா அசிங்கமா இருக்கு?”

“அசிங்கம் இல்ல சார், அசிங்க். வேலைய நிறுத்தாம, பின்னாடி தனியா ஒருத்தர் போய் வாங்கிட்டு வர்ற மாதிரி. பழைய டோக்கன் செத்ததுக்கு அப்புறம் ஏன் ஓடணும்? அது உயிரோட இருக்கும்போதே, பாதி ஆயுசு போனதுமே, புதுசுக்குச் சொல்லி வச்சிருவோம். அது வர்ற வரைக்கும் பழசுலயே வேலை நடக்கும். வந்ததும் பழசத் தூக்கிப் போட்டுட்டு இத எடுத்துக்கலாம். ஒரே நேரத்துல பத்து வேலைக்கு டோக்கன் வேணும்னாலும் ஒரு தடவ கேட்டாப் போதும், வந்தத எல்லாரும் வச்சுக்கலாம்.”

இதை அவள் ஒரே மூச்சில் சொன்னாள். பிரேக் “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார். சொன்னாள். “இப்ப மெதுவா” என்றார். அதற்குத்தான் அவள் படாதபாடு பட்டாள்.

கடைசியில் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “யோசனை நல்லாருக்கு. எழுதுங்க. ஆனா நேரா கீழ விடக் கூடாது. சோதனைக் கூடத்துல அடையாளச் சர்வர நானே கையால அணைப்பேன், ஏத்துவேன். அதுல நின்னு காட்டணும்.”

அந்த வாரம் அவள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். குளிக்கும்போது ஒரு வரி தோன்றும். தலையில் நுரையோடு வெளியே வந்து எழுதிவைப்பாள். சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியை நகர்த்தி நகர்த்தி மகளுக்கு விளக்கினாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அம்மா, இவ்ளோ நாளா நீ செய்ற எல்லா வேலையும் அசிங்க்தான்” என்றாள். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்து, புரையேறி, ஒரு பாடு இருமினார்.

சோதனை நாள் வந்தது. நிஜ அமைப்பின் நகல் ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பிரிவு ஆட்கள் முழுக்கச் சுவர்த்திரைக்கு முன்னால் கூடிவிட்டார்கள். பிரேக் சர்வரை அணைத்தார். நிரல்கள் பழைய டோக்கனை வைத்துக்கொண்டு ஓடின. திரையில் நிரலுக்கு ஒன்றாக ஓடிய பச்சைக் கோடுகள் ஒன்றும் சரியவில்லை. அவசரம் இருப்புக் கொள்ளாமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றாள். கொஞ்சம் கழித்து அவர் சர்வரை மறுபடி ஏற்றினார்.

ஏறிய சர்வர் பட்டென்று விழுந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி விழுந்தது. பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

அவள் முகம் தொங்கிவிட்டது. ஓடுகிற பதிவுகளைத் திரையில் விரித்துப் பார்த்தாள். வரி வரியாக ஒரே கூச்சல்: டோக்கன் கொடு, டோக்கன் கொடு, டோக்கன் கொடு. எல்லா நிரல்களையும் காலையில் ஒன்றாகத் தொடங்கியிருந்ததால் எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் புது டோக்கன் தேவைப்பட்டிருக்கிறது. கிடைக்காதபோது அடுத்த நொடியே மறுபடி கேட்டிருக்கின்றன. மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. சர்வர் கண் விழித்ததும் அத்தனையும் மேலே விழுந்து அமுக்கியிருக்கின்றன.

அந்த இடத்தை நிரலில் தேடிப் போனாள். அவளே எழுதிய வரி. ‘கிடைக்கவில்லையா, உடனே திரும்பக் கேள்.’

அதைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மெல்ல, பிறகு அடக்க முடியாமல். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்து, “யார் எழுதுனதுன்னு கையெழுத்தே தேவையில்ல” என்றார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. பிரேக்குக்கும் உதடு கொஞ்சம் கோணியது.

“சரி பண்ண எவ்வளவு நாள் வேணும்?” என்று கேட்டார்.

“இப்பவே,” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “நாளைக்குச் சொல்றேன் சார்.”

அவள் வாயிலிருந்து ‘நாளைக்கு’ என்ற சொல் வந்ததை அந்த அலுவலகம் ரொம்ப நாள் பேசியது.

பொறுமையாக உட்கார்ந்து செய்தாள். ஒவ்வொரு நிரலும் புது டோக்கன் கேட்கும் நேரத்தைக் குத்துமதிப்பாகக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிவைத்தாள். கிடைக்காவிட்டால் சற்றுப் பொறுத்துக் கேட்கும்; அதற்கும் கிடைக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் அதிகம் பொறுக்கும். தான் ஒரு நாளும் செய்யாததை நிரலுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே என்று நடுநடுவே தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள். அடுத்த சோதனையில் பிரேக் சர்வரை அணைத்து ஏற்றி, அணைத்து ஏற்றி, கை சலித்துப்போய் உட்கார்ந்தார். கோடுகள் பச்சையாகவே கிடந்தன. அவர் கையெழுத்துப் போட்டார். மாற்றம் கீழ்த்தளத்துக்குப் போனது.

போன பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வட்டம் சுற்றுவது நின்றுவிட்டது. நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை. தேன்குரலிடம் போய், “இப்ப எப்படியிருக்கு?” என்று ஆசையாகக் கேட்டாள். “எது கண்ணு?” என்றார் அவர்.

பிறகு ஒரு நாள் புயல்காற்று வீசியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வானம் கறுத்து, காற்று பேயாகச் சுழன்றது. தகரக் கூரைகள் பறந்தன, மரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்தன. கீழே எல்லா மேசையிலும் போன் அடித்தது. சரியாக அந்த நேரம் பார்த்து, இரண்டாம் மாடிச் சுவர்த்திரையின் மூலையில் ஒரு கட்டம் சிவந்தது. அடையாளச் சர்வர். சர்வர்கள் இருக்கும் இயந்திர அறையில் மழைநீர் இறங்கி, அவற்றில் ஒரு வரிசைக்கே மின்சாரம் போய்விட்டது.

பிரேக் அறையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

“கையில இருக்குற டோக்கன் எவ்வளவு நேரம் தாங்கும்?”

“பாதி ஆயுசுலயே புதுசு வாங்கியிருக்கும் சார். குறைஞ்சது அரை மணி தாங்கும். அதுக்குள்ள கரண்ட் வரணும்.”

“நான் இயந்திர அறைக்குப் போறேன். நீங்க கீழ பாருங்க” என்றார்.

அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். கூடத்தின் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே சத்தம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் அது பேச்சுச் சத்தம். யாரும் திரையைத் தட்டவில்லை, யாரும் கையை உயர்த்தவில்லை. தேன்குரலின் பின்னால் போய் நின்று உபரி ஹெட்போனை மாட்டினாள்.

ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கூரையைக் கட்டப் போய் ஏணியோடு விழுந்துவிட்டார். பின்னாலிருந்து அவருடைய குரலும் கேட்டது: “ஆம்புலன்ஸ் எல்லாம் வேணாம்னு சொல்லு, எனக்கு ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னு சொல்றாருங்க” என்றாள் அந்தப் பெண்.

“அப்படியாம்மா, நல்லது. கால் விரல கொஞ்சம் அசைச்சுக் காட்டச் சொல்லுங்க” என்றார் தேன்குரல்.

அந்தப் பக்கம் ஒரு முனகல் கேட்டது. பிறகு ஆண் குரல், முன்னைவிடச் சின்னதாக: “வரச் சொல்லு.”

தேன்குரலின் விரல்கள் தட்டின. வரைபடம் விரிந்தது. மரம் விழுந்த தெருவை விட்டுவிட்டு, பின்பக்கச் சாலையில் நின்ற ஒரு வண்டியைத் தேடி எடுத்தது. எலும்பு டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று பதில் வந்தது. வட்டம் சுற்றவே இல்லை. இத்தனைக்கும் இதற்கெல்லாம் டோக்கன் கொடுக்க வேண்டிய சர்வர் அந்த நிமிஷத்தில் ஈரத்தில் இருட்டிக் கிடந்தது. அவசரத்துக்கு யாரையாவது கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. எல்லோருக்கும் வேலை இருந்தது.

தேன்குரல் அடுத்த போனை எடுக்கும் முன் திரும்பிப் பார்த்தார். “என்ன கண்ணு, இப்படி மூச்சு வாங்குது? எதுவும் ரிப்பேரா?”

“ஒண்ணும் இல்லக்கா. நீங்க எடுங்க” என்றாள். சொல்ல வந்ததை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது அவளுக்குப் புது அனுபவம்.

மறுபடி மேலே ஓடினாள். இன்னும் சிவப்பு. அரை மணி என்று வாயால் சொல்லிவிட்டாளே தவிர, அதில் பெரும்பகுதி கரைந்திருந்தது. ஒவ்வொரு டோக்கனின் மிச்ச ஆயுளும் திரையில் குறைந்துகொண்டே வந்தது. பிரிவு முழுக்க நின்றுகொண்டிருந்தது, யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை. வரைபட நிரலின் எண் ஆபத்தான அளவுக்கு இறங்கியபோது போன் அடித்தது. பிரேக்.

“வேற லைன்லேருந்து கரண்ட் இழுத்தாச்சு. சர்வர் ஏறுது. பாருங்க.”

எல்லோரும் பார்த்தார்கள். சிவப்புக் கட்டம் மஞ்சளாகிப் பச்சையானது. வரைபட நிரல் முதலில் கேட்டது, வாங்கியது. சற்று இடைவெளி. ஆஸ்பத்திரி நிரல் வாங்கியது. பிறகு வண்டி தேடும் நிரல். தள்ளுமுள்ளு இல்லாமல், நல்ல வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு வருகிறவர்கள்போல ஒவ்வொன்றாக வந்து வாங்கிக்கொண்டு போயின. சர்வர் அசையவில்லை. கடைசி நிரலும் வாங்கி முடித்தபோது அவள் பக்கத்திலிருந்த மனிதரின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர் இரண்டு நாள் தோளைத் தடவிக்கொண்டு திரிந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் அவளைக் கூட்டிப்போக வந்தார். மரக்கிளைகளை ஒதுக்கி ஒதுக்கி அவர் வண்டி ஓட்ட, அவள் வழிநெடுகப் பேசினாள். சர்வர், மழைநீர், டோக்கன், ஏணியிலிருந்து விழுந்தவரின் கால்விரல், ஓடி வந்த பிரேக். ஒரு சந்திப்பில் அவர் வண்டியை நிறுத்தி, முழுசாக அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “ஏன் நிறுத்தினீங்க?” என்று அவள் கேட்டதற்கு, “இத ஓட்டிக்கிட்டே கேக்க முடியாது, நீ சொல்லு” என்றார்.

அலுவலக அறிக்கையில் பிரேக் எழுதியது சின்ன வாக்கியம்: சேவையில் தடங்கல் இல்லை. அதற்குக் கீழே அவளுடைய நிஜப் பெயரை முழுசாக எழுதியிருந்தார். படித்த பாதிப் பேருக்கு அது யார் என்று புரியவில்லை.

ஆனால் அறிக்கை போக வேண்டிய இடங்களுக்குப் போனது. பக்கத்து நகரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அதே வட்டம், அதே தவிப்பு. அவளை வந்து சொல்லித்தரச் சொல்லிக் கேட்டார்கள். செய்தி வந்த அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, துணியை அள்ளிப் பெட்டியில் திணித்து, மூடாத பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வாசற்படியில் சாய்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அம்மா, அடுத்த மாசம்தானே போகணும்?”

“ஆமா. அதுக்கென்ன?” என்றாள் அவசரம். “இந்தப் பக்கம் வந்து நீயும் கொஞ்சம் உக்காரு.”